கொம்பையா மகள் அடித்த டிரம்ஸ்

ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத்தோட்டங்களில் கூலிவேலை பார்க்கும் கொம்பையாவின் மகள் சுகன்யா, ‘தெக்குக்காத்து’ ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவள். பாளையங்கோட்டையில் படிக்கும்போது பாட்டுக்கார மணிராஜும் அவளும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்த குழு. முதல் கச்சேரியில் கேட்டவர்களைவிடக் காதைப் பொத்தியவர்கள்தான் அதிகம். பிறகு ஆற்று வெள்ளத்தைப் பற்றி அவர்கள் போட்ட பாட்டு டவுன் பஸ்களில் எல்லாம் அலறியது. மதுரை, கோவை, சென்னை என்று மேடை ஏறினார்கள். உவரித் திருவிழா, நெல்லைக் கல்யாண வரவேற்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார்கள்.

கேட்காதவர் கொம்பையா ஒருவர்தான். “பொம்பளப்பிள்ள கொட்டடிக்கதா?” என்று ஊர் கேட்டபோது மகளை விட்டுக்கொடுக்காத மனுஷன், கச்சேரிக்கு வரச் சொன்னால் மட்டும் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சணும் என்பார். அந்த வாழைக்குக் கச்சேரி அன்றைக்கென்றுதான் தாகம் எடுக்கும். கூச்சம், வேறொன்றுமில்லை.

இந்தச் சித்திரையில் சொந்த ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கே குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். கொம்பையா அந்தக் கோயிலின் சாமியாடி. மனைவி இறந்துபோன பிறகு நடந்த இரண்டு கொடைகளிலும் அவர் மேல் சாமி வரவில்லை. ஊர் முணுமுணுத்தது. சுடலைக்கும் தன்மேல் வெறுப்பு வந்துவிட்டதோ என்று அவர் சோறு இறங்காமல் கிடந்ததைச் சுகன்யா அறிவாள்.

மதியக் கொடையில் மேளக்காரர்கள் கை சோர அடித்தார்கள். சாமியாடிக்குரிய சல்லடக் கால்சட்டை கட்டி, மாலை போட்டு நின்ற கொம்பையாவின் உடம்பில் ஒரு நடுக்கம்கூட இல்லை. மேளம் ஓய்ந்தது. கோயில் பெரியவர் ஐயம்பெருமாள் அருகே வந்தார்.

“வருத்தப்படாதவே. வார வருசம் ஒமக்குப் பதிலா நம்ம பெருமாள்ராஜ் சல்லடம் கட்டட்டும்.”

மேளக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். கொம்பையா மட்டும் வெயிலில் நின்றார். சாயங்காலக் கச்சேரிக்கு எதிர்மேடையில் டிரம்ஸைப் பூட்டிக்கொண்டிருந்த சுகன்யாவுக்கு அந்த நிற்பைத் தாங்க முடியவில்லை. குச்சிகளை எடுத்தாள். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்ட கொடை அடி அது. ஒலிபெருக்கியில் ஊரே அதிர்ந்தது.

கொம்பையாவின் தோள் குலுங்கியது. அடுத்த நொடி துள்ளிவிட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். மேளக்காரர்கள் எச்சில் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து சேர்ந்தார்கள். சாமி உடம்பை விட்டு மலையேறும் வரை அடியை நிறுத்தக் கூடாது. தோள்பட்டை விட்டுப்போகிற வலியிலும் சுகன்யா நிறுத்தவில்லை. சாமி ஆடிக்கொண்டே மேடைக்கு வந்து அவள் நெற்றியில் திருநீறு பூசியது.

எல்லாம் அடங்கியபின் பந்தல் நிழலில் அப்பாவுக்கு இளநீர் கொடுத்தாள். அவர் முகம் தெளிந்திருந்தது.

“இன்னைக்கு யாரும்மா அடிச்சது?”

“நாந்தாம்ப்பா.”

கொம்பையா அவள் நெற்றியைப் பார்த்தார். கொப்புளம் வெடித்திருந்த உள்ளங்கையைப் பார்த்தார். சாமி மலையேறியபின் சாமியாடிக்கு எதுவும் நினைவிருக்காது. அவர் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய், கச்சேரிக்கு இன்னும் ஆளே வராத மைதானத்தில் ஒரு நாற்காலியை மேடைக்கு நேராக இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“சாமி கேட்டுட்டுப் போயிட்டு. நான் கேக்கலியே. எனக்கும் ஒருக்கா அடிம்மா.”