பேட்டை அண்ணாச்சி பிடிக்கச் சொன்ன நூல்

என் தையல் பெட்டியில் ஒரு வெள்ளை நூல் இருக்கிறது. தைக்கிற நூல்தான், ஆனால் அதைக்கொண்டு இதுவரை ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை. ஸ்பார்க் பிளக் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்த துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு முனையில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பாகக் கிரீஸ் ஏறியிருக்கும். எவ்வளவோ சோப்புப் போட்டும் போகவில்லை என்று கேட்பவர்களிடம் சொல்வேன். உண்மையில் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. திருநெல்வேலி பேட்டையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அண்ணாச்சியின் கைக் கிரீஸ் அது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நான் செய்த ஒரு திருட்டுத்தனம் அவருக்கும் எனக்கும் மட்டும் கொஞ்ச நாள் தெரிந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அந்த நூல் மறுபடி வெளியே வந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு விக்கிரமசிங்கபுரம். என் வீட்டுக்காரருக்கு அங்கே நூல் மில்லில் வேலை. மகள் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருஷம், ஐப்பசி மழையில் ஒரு அந்தி நேரம், அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் தலையைக் காட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிய மனிதர், விளக்கில்லாமல் ரோட்டோரம் நின்ற வைக்கோல் டிராக்டரின் பின்னால் போய் மோதினார். வலது காலில் கம்பி வைத்தார்கள். தோளில் ஒரு எலும்பு இரண்டாகியிருந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "வைக்கோலாப் போச்சு, கம்பி கிம்பி ஏத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்" என்று ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் கம்பி ஏற்றிய டிராக்டர்தான் வரும்.

வண்டியைப் பார்த்த இன்சூரன்ஸ்காரர்கள் ‘முழுச் சேதம்’ என்று எழுதிவிட்டார்கள். அப்படி எழுதிவிட்டால் வண்டியை அவர்களிடமே விட்டுவிடலாம், அது பழைய இரும்பாகப் போகும். இல்லையென்றால் அவர்கள் தருவதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு உடைந்த வண்டியை நாமே எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக் கட்டி, அதிகாரிகளிடம் காட்டி, மறுபடி ரோட்டில் விடலாம். ஆனால் முழுச் சேதம் என்று காகிதத்தில் எழுதினது எழுதினதுதான். எத்தனை புதுச் சாமான் போட்டாலும் அது அழியாது. எது வேண்டும் என்று பதினைந்து நாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி ஒரு படிவம் வந்தது. அதைக் காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்தோம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் அதன் மேல்தான் போகும்.

எனக்குச் சந்தேகமே இல்லை. உயிரைக் குடிக்கப் பார்த்த வண்டியை யாராவது செலவழித்து வீட்டுக்குக் கூட்டிவருவார்களா? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிற கதைதானே அது. என் வீட்டுக்காரர் அப்படி நினைக்கவில்லை. ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கத் தொடங்கிய முதல் நாளே சொன்னார்: "ஏளா, விழுந்த வண்டிய விட்டுட்டேன்னா பயந்துதான் விட்டேன்னு ஆயிரும். பெறகு எந்த வண்டியிலயும் என்னால ஏற முடியாது." நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன்.

மில்லில் கூட வேலை பார்ப்பவர்கள்தான் பேட்டை அண்ணாச்சியைச் சொன்னார்கள். அடிபட்ட வண்டியைக் கட்டுவதில் அவரைப் போல ஆள் கிடையாது, ஆனால் எல்லா வண்டியையும் கட்டமாட்டார் என்றார்கள். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. முழுச் சேதம் என்று எழுதப்பட்ட வண்டி வந்தால், முதலில் நூல் பிடித்து வண்டியின் இரும்புச் சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த நூலை வண்டி ஓட்டுகிறவர் பிடிக்கக் கூடாது. வீட்டிலிருந்து ஒருவர் வந்து பிடிக்க வேண்டும். அப்பாவோ, பெண்டாட்டியோ, தங்கச்சியோ யாராவது ஒருவர் வந்தே ஆக வேண்டும். ஆள் வராமல் எத்தனையோ வண்டிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாராம்.

டாக்ஸியெல்லாம் வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் பிடிவாதம் பிடிக்க, பஸ்ஸில்தான் போனோம். பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் பின்பக்கத்தில் அண்ணாச்சியின் தகரக் கொட்டகை. நாங்கள் போவதற்கு முன்பே வண்டியை அங்கே இறக்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் அதுவரை நான் அதைப் பார்க்கவே இல்லை. முகப்பு விளக்கு இருந்த இடத்தில் வயர்கள் தொங்கின. பெட்ரோல் டேங்க் ஒடுங்கிப்போய், அவர் வயிறு பட்ட இடம் இது, முட்டி பட்ட இடம் இது என்று எனக்குத் தானாகத் தெரிந்தது. டேங்க் மூடியின் இடுக்கில் ஒரு வைக்கோல் துணுக்கு இன்னும் இருந்தது.

அண்ணாச்சி ஒடிசலான ஆள். சிரிப்பு என்பது அவர் முகத்துக்கு வழி தெரியாத சரக்கு. முறுக்கிக்கொண்டுபோன, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு, பட்டறையில் கிடந்த வேறொரு ஃபோர்க்கையும் சக்கரத்தையும் மாட்டி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார். மில் நூல் கொண்டுவரச் சொல்லியிருந்தார். கடை நூல் இழுத்தால் நீளுமாம். பின் சக்கரத்துக்குப் பின்னால் நூலைக் கட்டி, பின் டயரின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு முன்னால் கொண்டுவந்து ஒருவர் பிடிக்க வேண்டும். முன் டயர் ஒல்லி என்பதால் நூல் அதைத் தொடாமல் கொஞ்சம் சந்து விட்டுப் போகும். இடப்பக்கமும் வலப்பக்கமும் அந்தச் சந்து ஒரே அளவாக இருந்தால் வண்டி நேர். இல்லாவிட்டால் சட்டம் கோணியிருக்கிறது என்று அர்த்தம். நூலின் முனையை என் கையில் கொடுக்கும்போதுதான் அந்தக் கிரீஸ் ஏறியது.

"நானே பிடிக்கேனே அண்ணாச்சி" என்று என் வீட்டுக்காரர் ஸ்டூலில் இருந்து எழுந்தார்.

"சும்மா இரும் வே. ஓட்டுதவனுக்கு எல்லாம் நேராத்தான் தெரியும். வீட்டுல காத்துக் கிடக்குதவுக பிடிக்கட்டும். யம்மா, இங்கன வாங்க. பைய இழுங்க. டயரத் தொட்டும் தொடாம நிக்கணும்."

இடப்பக்கம் ஒழுங்காகப் பிடித்தேன். அவர் முன் சக்கரத்தின் அருகே குத்தவைத்து ஸ்கேலை வைத்து அளந்தார். வலப்பக்கம் மாறி வந்தோம். அவர் தலை ஸ்கேலின் மேல் கவிழ்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் என் கையைப் பார்க்கவில்லை. நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். பெருவிரலை ஒரு விரற்கடை வெளியே தள்ளினேன். நூல் பின் டயரை விட்டு விலகி நின்றது. அண்ணாச்சி ஸ்கேலைப் பார்த்தார். பிறகு நூலின் வழியாகவே கண்ணை ஓட்டி என் பெருவிரலுக்கு வந்தார். அங்கிருந்து என் முகத்துக்கு வந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டேன், இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, கையை வேஸ்ட் பஞ்சில் துடைத்துக்கொண்டே, "வலப்பக்கம் கூடுதலாத்தான் காட்டுது வே. வேண்டாம். விட்டுரும்" என்றார்.

என் வீட்டுக்காரர் வண்டியின் அருகே போய்ச் சீட்டை ஒரு தடவு தடவிவிட்டு வந்தார். நான் ஜெயித்துவிட்டேன். மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்காம் நாளிலிருந்து வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அவர் ஊன்றுகோலை விட்டு நடந்து பழகுவதை நிறுத்திவிட்டார். டாக்டர் சொன்ன பயிற்சியை நினைவூட்டினால், "நடந்து எங்க போகப்போறேன்" என்பார். படிவத்தை எடுத்துப் பார்ப்பார், பேனாவைத் திறப்பார், "நாளைக்குப் போடுதேன்" என்று மூடிவிடுவார். கம்பி ஏற்றிய டிராக்டர் போய், இப்போது கண்ணை மூடினால் அண்ணாச்சியின் பார்வை வந்தது. நூலை விலக்கியது நான். அதைக் கண்டும் அண்ணாச்சி ஏன் பொய் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, திருநெல்வேலி டவுனில் கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி, பேட்டையில் இறங்கினேன். அண்ணாச்சி வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வா என்றும் சொல்லாமல் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"அண்ணாச்சி, அன்னைக்கி நான் நூல விலக்கிட்டேன்."

"கண்டேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

ஒரு பெரிய மனுஷத்தனமான பதில் வரப்போகிறது, அதைக் கேட்டுக்கொண்டு அழுதுவிட்டுப் போகலாம் என்று நான் தயாராக இருந்தேன். "எனக்கும் அதுதாம்மா வேண்டியிருந்தது" என்றார். முன்பு ஒருமுறை இதே போல் எழுதின வண்டியைக் கட்டிக் கொடுத்தாராம். நூலுக்கு நேராக இருந்த வண்டி. ஓட்டிப்போனவன் திரும்பவும் விழுந்தான், எழுந்திருக்கவில்லை. "வண்டி மேல குத்தம் இல்லன்னு பாத்தவுக எல்லாரும் சொல்லுதாவ. ஏங்கை கேக்கமாட்டேங்குதே. அதுக்குப் பெறகுதான் வீட்டு ஆள் வந்து பிடிக்கணும்னு வச்சேன். எல்லாரும் அத என்னமோ நியாயம்னு நெனைக்காவ. ஒரு நியாயமும் இல்ல. பாதிப் பாரத்த உங்க தலையில ஏத்துதேன், அம்புட்டுத்தான். நீங்க நூல விலக்குனதும், அப்பாடா, இந்த வண்டியக் கட்ட வேண்டாம்னு இருந்தது."

இரண்டு பயந்தாங்கொள்ளிகள் சேர்ந்து ஒரு மனிதனைக் குப்புறத் தள்ளியிருக்கிறோம். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. "நேரா இருக்கா, சொல்லுங்க" என்றேன். "நீங்க ஒழுங்காப் பிடிச்சாத்தான தெரியும்? அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "வேண்டாம்னு ஏங்கிட்ட சொல்ல வேண்டியதுதான? ஏமாத்தணும்னு எப்படித் தோணிச்சு ஒனக்கு?" என்று மட்டும் கேட்டார். சொன்னால் கேட்டிருப்பீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். சுட்டு வைத்த தோசை ஆறிப்போயிற்று. காலையில் அவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு, "ஏளா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றார்.

இந்த முறை நான் நூலை விலக்கவில்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே சந்து. அண்ணாச்சி மூன்று தடவை அளந்தார். "நேரா இருக்கு" என்று சொன்னபோது அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை, என் முகத்திலும் இல்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். வீட்டுக்காரரின் கால் தேறுவதற்கும் வண்டி தேறுவதற்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆயிற்று. அதிகாரிகளிடம் காட்டிவிட்டு வந்த அன்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அண்ணாச்சி நூலை அட்டைத் துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்து, "இது உங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். அந்த டிராக்டர் நின்ற இடம் வந்ததும் வீட்டுக்காரர் வேகத்தைக் குறைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தேன்.

அதன் பிறகு பயம் போய்விட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். போகவில்லை. இத்தனை வருஷமும் ஷிப்டு முடிகிற நேரத்தில் அந்த வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை எனக்குக் கை ஓடாது. பேட்டையில் அண்ணாச்சியும் இப்படித்தான் இருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அது ஒரு துணை. போன வருஷம் அண்ணாச்சி காலமாகிவிட்டார் என்று தெரிந்தபோது, பாதிப் பாரத்தையும் என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். வண்டி ஓட்டப் பழகி, லைசென்ஸும் எடுத்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் அந்தப் பழைய வண்டியின் சாவியைக் கேட்டாள். அவர் சாவியைக் கொடுக்கவில்லை; என்னிடம் வந்து, "அந்த நூல எடு" என்றார். "யப்பா, இதையெல்லாம் மிஷின்ல பாக்க கடை இருக்குப்பா" என்று அவள் சிரித்தாள். தானும் பிடிக்க வந்தவளை அவர் தள்ளி நிற்கச் சொன்னார். ஓட்டுகிறவள் பிடிக்கக் கூடாதல்லவா. அவர் நூலைப் பிடிக்க, நான் ஸ்கேலோடு முன் சக்கரத்தருகே குத்தவைத்தேன். இடப்பக்கம் அளந்தேன். வலப்பக்கம் வந்தோம். சந்து கூடுதலாக இருந்தது.

நூலின் வழியாகவே கண்ணை ஓட்டினேன். அது பின் டயரை விட்டு விலகி நின்றது. இத்தனை வருஷம் வீட்டில் என்னைக் காக்கவைத்த மனிதரின் பெருவிரல், ஒரு விரற்கடை வெளியே இருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி அன்று ஏன் வாயை மூடிக்கொண்டார் என்பது அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். மகள் முகம் வாடும், சாவி ஆணியில் தொங்கும், நான் இன்று ராத்திரி நன்றாகத் தூங்குவேன். "என்னம்மா, நேரா இருக்கா?" என்றாள் அவள்.

"அப்பாவுக்குக் கை நடுங்குது. இன்னொரு தடவ பாப்போம்" என்றேன். அவர் மெல்ல விரலை உள்ளே கொண்டுவந்தார். நூல் டயரைத் தொட்டது. "நேராத்தான் இருக்கு" என்று சொல்லி எழுந்தேன். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நாங்கள் இருவரும் நின்றோம். அவர் நூலை அட்டையில் சுற்றினார். முழுவதும் சுற்றி முடித்துவிட்டு, வண்டிச் சத்தம் தேய்ந்துபோன பிறகும் உள்ளே வராமல், அதைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து சுற்றத் தொடங்கினார்.