ஸ்டார்ட்அப்பில் இருந்த குரல்

விண்டோஸ் 98 போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை 2004இல் என் கணவர் வாங்கி வந்தார். மரக்காணம் உப்பளத்தில் எங்களுக்குக் கொஞ்சம் பாத்தி இருந்தது; லாரி லோடுக்கு பில் அடிக்க வேண்டும் என்றார். பில் அடித்தாரோ இல்லையோ, நன்றாக விளையாடினார். ஸ்டார்ட்அப் என்ற போல்டரில் எதை வைத்தாலும், கம்ப்யூட்டரைப் போட்டதும் அது தானாக ஓடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போதாதா? மைக்கில் தன் குரலைப் பதிவு செய்து அதில் போட்டுவிட்டார்.

"உப்புக் கையோட தொடாதீங்க! போய்க் கைய கழுவிட்டு வாங்க!"

கடைசியில் ஒரு சிரிப்பு. தினமும் காலையில் இந்தக் கூத்துதான். எனக்கு எரிச்சலாக வரும். "நிறுத்தித் தொலைங்க" என்பேன்.

அடுத்த சித்திரையில் பாத்தியிலேயே மயங்கி விழுந்தார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கூனிமேடு தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

கருமாதி முடிந்ததும் இறந்தவரின் துணி, செருப்பு, பாய் எல்லாவற்றையும் கண்ணில் படாமல் அப்புறப்படுத்துவது எங்கள் வழக்கம். கொழுந்தன்தான் செய்தான். நான் மட்டும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு எதிரில் உட்காருவேன். அவர் அதட்டுவார், சிரிப்பார். நான் அழுவேன். அந்த அழுகை எனக்கு வேண்டியிருந்தது.

ஒருநாள் கம்ப்யூட்டர் பேசவில்லை.

"நான்தான் எடுத்துட்டேன் அண்ணி. தெனமும் நீங்க அழுவறத பாக்க முடியல. பயப்படாதீங்க, ஸ்டார்ட்அப்ல இருக்கிறது வெறும் ஷார்ட்கட்டுதான். ஒரிஜினல் வேற எடத்துல இருக்கும்" என்றான் கொழுந்தன்.

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவன். ஷார்ட்கட்டை அழித்தால் அசல் போகாது என்று அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். என் கணவருக்கு ஷார்ட்கட் என்றால் என்னவென்றே தெரியாது. பதிவு செய்ததை அந்த போல்டரிலேயே நேராகச் சேமித்தார்; பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இருந்தது அது ஒன்றுதான். அழித்தவை போய்ச் சேரும் ரீசைக்கிள் பின்னையும் இவன் துப்புரவாகக் காலி செய்திருந்தான்.

அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. ஆனால் அவன் கண்ணும் அழுது சிவந்திருந்தது. அண்ணன் குரலை நீதான் அழித்தாய் என்று எப்படிச் சொல்வேன்?

"இருக்கும்பா" என்றேன்.

வருஷத் திதியன்று படையல் போட்டு முடித்ததும் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, அந்த ஒரிஜினல ஒருவாட்டி போடுங்களேன். அண்ணன் கொரல கேக்கணும் போல இருக்குது."

"கம்ப்யூட்டர் ரிப்பேரா இருக்குதுப்பா."

"அவ்ளோதானே, நான் சரி பண்றேன்" என்று எழுந்து கம்ப்யூட்டர் மேஜைக்குப் போனான். ஒழுங்காக ஓடும் கம்ப்யூட்டரில் இல்லாத குரலைத் தேடப் போகிறான்; நானும் எழுந்து அவன் பின்னால் போனேன்.