லூர்தம்மாளின் காயாத நீச்சல் உடை

"இந்த எழவு இன்னிக்கும் காயலியே!"

சேக்காட்டில் லூர்தம்மாள் வீட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இந்தக் குரல் பழகிப்போன ஒன்று. கொடியில் தொங்கும் மெரூன் நிற உடுப்பைக் கையால் அழுத்திப் பார்ப்பாள், திட்டுவாள், அப்புறம்தான் அடுப்பு மூட்டுவாள்.

அது நீச்சல் உடை. முழங்கை வரை கை, முழங்கால் வரை கால், இடுப்பில் நாடா. முழுக்க முழுக்கப் பருத்தி. வெயிலில் போட்டால் நிறம் போகும் என்று நிழலில் போடுவாள். நிழலில் போட்டால் காயாது. காயவில்லை என்று திட்டுவாள்.

லூர்தம்மாளுக்கு நாற்பத்தாறு வயதில் முட்டி பிடித்துக்கொண்டது. கோயிலில் முழந்தாளிட்டால் பக்கத்தில் இருப்பவர் தூக்கிவிட வேண்டும். தண்ணீரில் நீந்தினால் வலி குறையும் என்றார் டாக்டர். நீச்சல் அவளுக்குப் புதிதல்ல, சின்ன வயதில் கொரட்டூர் ஏரியில் கற்றது. புருஷன் ராயப்பன் ஃபிட்டராக வேலை பார்த்த கம்பெனிக் குடியிருப்பில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. சாயங்காலம் நாலு முதல் ஐந்து வரை பெண்களுக்கு மட்டும்.

முதலில் நைலான் உடை ஒன்று வாங்கினாள். ஒரே வாரத்தில் இடுப்பும் தொடையும் தடித்துச் சிவந்தன. சரி என்று நைட்டியோடு இறங்கினால், அது பலூன் மாதிரி உப்பிக்கொண்டு மூஞ்சிக்கு வந்தது. மறுநாளே குளத்தைப் பார்த்துக்கொள்கிற துலுக்கானம் கதவில் எழுதி ஒட்டிவிட்டான்: நைட்டி கூடாது.

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு துணிக்கடைக்குப் போனாள். துணியின் முனையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். மாவு உதிர்ந்தால் வேண்டாம், அது கஞ்சி போட்டு ஏற்றிய எடை. கையோடு கொண்டுபோன பாட்டில் தண்ணீரில் முனையை நனைத்து உள்ளங்கை மேல் விரித்தாள். கைரேகை தெரிந்தால் வேண்டாம், நனைந்தால் எல்லாமே தெரியும்.

"இன்னாம்மா, துணி வாங்க வந்தியா, துவைக்க வந்தியா?" என்றான் கடைக்காரன்.

"ரெண்டுக்குந்தான். அடுத்ததை எட்றா."

ஏழாவது துணியில் கைரேகை மறைந்தது. உப்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, சுருங்குகிற அளவு சுருங்க விட்டு, அதற்கப்புறம்தான் கத்தரி வைத்தாள். குளத்துத் தண்ணீரில் கலக்கும் மருந்து எலாஸ்டிக்கைத் தின்றுவிடும் என்பதால் நாடா. நீந்தி முடித்ததும் அங்கேயே குழாயில் அலசிவிடுவாள். கல்லில் அடிப்பதில்லை, முறுக்கிப் பிழிவதில்லை. துண்டில் சுருட்டி மிதித்து, தலைகீழாகக் கொடியில் போடுவாள். ஆறே மாதத்தில் முட்டி மடங்கியது.

அப்போதுதான் கதவில் இன்னொரு காகிதம் ஒட்டினார்கள். பெண்கள் நேரத்துக்கு நாலே பேர்தான் வருகிறார்கள், மாதக் கடைசி வெள்ளிக்குள் பத்துப் பேர் சேராவிட்டால் அந்த நேரம் ஆண்களுக்குப் போய்விடும்.

லூர்தம்மாள் பக்கத்து வீட்டு வசந்தாவைப் பிடித்தாள்.

"வரலாங்க்கா. ஆனா அந்த நைலானெல்லாம் என்னால ஆவாது."

"நைலானை எவ போடச் சொன்னா? நான் தைச்சுத் தரேன், நீ உடம்பை மட்டும் எட்த்துனு வா."

வசந்தாவையும் சேர்த்து ஆறு பேரைப் பிடித்து, ஆறு உடை தைத்தாள். வந்துகொண்டிருந்த மற்ற மூவரும் நைலானைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்களுக்கும் என்றார்கள். தன்னுடையதோடு பத்து. பத்தையும் வரிசையாகப் பார்த்தாள். தொளதொளவென்று கரித்துணி மாதிரி கிடந்தன. கடைசி வெள்ளிதான் கணக்கெடுக்கக் கம்பெனியின் நல அதிகாரி ராஜசேகரன் வாசலுக்கு வருகிற நாள். அவர் முன்னால் பத்துப் பேரும் கசங்கிப்போய் நிற்பதா? இருபத்தைந்து வருடம் பருத்திப் புடவைக்குக் கஞ்சி போட்ட கை சும்மா இருக்குமா? கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, பத்தையும் முக்கியெடுத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்துப் பேரும் உடையைப் போட்டு, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு, கட் அவுட் மாதிரி விறைப்பாக வாசலைக் கடந்தார்கள். "பரவாயில்லையே" என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

ஐந்து மணிக்குப் பெண்கள் வெளியே வந்தார்கள், துலுக்கானம் உள்ளே போனான். போன வேகத்தில் வாசலில் நின்ற அதிகாரியைக் கூப்பிட்டுக் கத்தினான்.

"சார்! கொளத்துல யாரோ அரிசி களைஞ்சிகீறாங்க சார்!"

படிப் பக்கம் தண்ணீர் பால் மாதிரி நின்றது. ஓரமெல்லாம் நுரை. மொத்தத் தண்ணீரையும் மாற்ற வேண்டும் என்றான்.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

வசந்தா நழுவப் பார்த்தாள். லூர்தம்மாள் அசையவில்லை.

"கஞ்சி சார். நான்தான் போட்டேன்."

"குளத்துல இறங்குற துணிக்கா?"

அதிகாரி தான் எழுதியதை அடித்தார்.

"பருத்தியே இனிமே வேணாம்மா. நைலான் போட்டா வாங்க, இல்லாட்டி விட்ருங்க."

"நைலானுன்னா இவளுங்க ஒருத்தியும் வரமாட்டா சார், எனக்கும் ஆவாது. முட்டி பழையபடி பூட்டிக்கும். ஒரு வாரம் குடுங்க. வாசல்லயே துலுக்கானம் பக்கெட்டுல முக்கிப் பார்க்கட்டும். தண்ணி கலங்குச்சுன்னா நானே கதவைச் சாத்திட்டுப் போறேன்."

அதிகாரி தேதியைக் குறித்துக்கொண்டார். "அடுத்த வெள்ளி. பத்துப் பேர். ஒண்ணு குறைஞ்சாலும் கிடையாது."

ஒன்பது உடைகளை வெந்நீரில் போட்டு மூன்று முறை அலசினாள். ஊருக்கெல்லாம் அலசியவளுக்குத் தன்னுடையது ஞாபகம் வந்தது வெள்ளி மத்தியானம்தான். அலசிக் கொடியில் போட்டாள். மூன்றரைக்கு அது சொட்டிக்கொண்டிருந்தது.

"காயலியே! இப்ப இன்னாய்யா பண்றது?"

ராயப்பன் செய்தித்தாளை இறக்கினான். "தண்ணியில எறங்கத்தானே போற லூர்து? காஞ்சா இன்னா, காயாட்டி இன்னா?"

லூர்தம்மாள் அதை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு மேலே புடவையைச் சுற்றினாள். தெருவெல்லாம் சொட்டச் சொட்ட நடந்தாள்.

வாசலில் பக்கெட். மற்றவர்கள் கையில் கொண்டுவந்த ஒன்பது உடைகளைத் துலுக்கானம் முக்கினான், தண்ணீர் அப்படியே இருந்தது. பத்தாவதாக லூர்தம்மாள் தான் போட்டிருந்த உடையின் கால் முனையைப் பக்கெட்டுக்குள் பிழிந்துவிட்டாள். அவன் குனிந்து பக்கெட்டின் அடியைப் பார்த்தான்.

"கண்ணாடி மாரி கீது சார்."

அதிகாரி பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பெண்கள் நேரம் நிலைத்துவிட்டது, பக்கெட்டும் வாசலை விட்டு நகரவில்லை. முட்டி வலிக்கிறது, நைலான் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் உட்கார்ந்து முனகுகிறவர்கள் சேக்காட்டுக்குப் போய் லூர்தம்மாளைப் பாருங்கள். காலையிலேயே போங்கள். கொடி முன்னால் நின்று திட்டிக்கொண்டிருப்பாள், வீட்டைத் தேட வேண்டியிருக்காது. துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுபோங்கள். கஞ்சி பற்றி மட்டும் கேட்காதீர்கள்.