மூச்சு சொன்ன அளவு

விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையின் ஐசியுவில் நான் டயட்டீஷியன். மூக்கில் குழாய் போட்டிருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு திரவ உணவு போக வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. எடை, உயரம், வயதை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவேன். திண்டிவனத்துக்குத் திரும்பும் ரயிலில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடும்: கூடிவிட்டதோ, குறைந்துவிட்டதோ? குறைந்தால் சதை கரையும். கூடினால் உடம்பு அதிகக் கரியமில வாயுவை வெளியே தள்ள வேண்டும். நோயில் இளைத்த நுரையீரலுக்கு அதுவே பாரம்.

அப்போது வென்டிலேட்டரில் ஒலக்கூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். நிமோனியா. மெஷினை விட்டு அவராக மூச்சுவிடுவாரா என்பதுதான் எல்லோருடைய கவலையும். என் கவலை, நான் கொடுக்கும் உணவு அதற்குக் குறுக்கே நிற்கிறதா என்பது.

நோயாளியின் மூச்சை அளந்து, அவர் உடம்பு உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது என்று காட்டும் கருவி ஓர் ஆராய்ச்சிக்காக எங்களிடம் வந்திருந்தது. விவசாயியின் மனைவி அதற்குச் சம்மதித்திருந்தார். முதலில் நன்றாக இருக்கும் ஒருவர்மேல், வெறும் வயிற்றில், கருவியைச் சோதிக்க வேண்டும்.

“காலைல சாப்புடாம வந்தது யாரு?” என்றார் டெக்னீஷியன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் மகளுக்குப் பல் முளைக்கிற நேரம். இரண்டு நாளாக எதையும் வாயில் வாங்கவில்லை. அவளோடு மல்லுக்கட்டிவிட்டு, மாமியாரிடம் விட்டுவிட்டு ரயிலுக்கு ஓடிவந்திருந்தேன். என்னைப் படுக்க வைத்து, தலைமேல் கண்ணாடி போன்ற ஒரு கூடையைக் கவிழ்த்தார்கள்.

“அக்கா, பேக்கரில வச்ச கேக்கு மாதிரியே இருக்கீங்க” என்றாள் நர்ஸ்.

“சிரிக்காதீங்க மேடம், கோடு குதிக்குது” என்றார் டெக்னீஷியன்.

திரையில் கோடு சீராக ஓடினால்தான் அளவு சரி. என் கோடு ஏறி இறங்கியது. கஞ்சியை ஆறவைத்துக் கொடுக்கச் சொன்னேனா? சொன்ன மாதிரிதான் இருந்தது. “இன்னா மேடம் யோசிச்சிக்கினே இருக்கீங்க? வேற ஆளப் பாக்கட்டுமா?” என்று டெக்னீஷியன் கேட்கும்போதே என் போன் அடித்தது. கோடு எகிறியது.

“எந்திரிக்காதீங்க!” என்று நர்ஸ் போனை எடுத்தாள். “உங்க மாமியார்தான். பாப்பா கேப்பைக் கஞ்சி ஒரு கிண்ணம் குடிச்சிட்டுத் தூங்குதாம். நீங்க சாப்டீங்களான்னு கேக்கறாங்க, இன்னா சொல்றது?”

கொஞ்ச நேரத்தில் கோடு அடங்கி, நேராக ஓடியது.

“வீட்டுக்கு மொதல்லயே போன் போட்டிருக்கலாம்” என்றார் டெக்னீஷியன்.

பிறகு கருவியை விவசாயியின் வென்டிலேட்டரில் பொருத்தினார்கள். அவர் கோடு என்னுடையதைவிடச் சாதுவாக ஓடியது. வந்த அளவு என் கணக்கைவிடக் குறைவு. உணவைக் குறைத்துவிட்டு, பார்வையாளர் நேரத்தில் அவர் மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“இப்பவே எளச்சிக் கெடக்கற மனுசனுக்குச் சோத்தக் கொறைக்கறீங்களாம்மா?”

“இப்ப அவருக்கு இவ்ளோதான் செலவாவுதும்மா. கூடப் போனா மூச்சு வாங்கும். தெம்பு வர வர ஏத்திடுவோம்.”

அந்த அம்மா கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “கண்ணாலம் கட்டிக்கினு வந்ததுலேர்ந்து போதும்னோ, இன்னும் வையின்னோ இவரு வாயத் தொறந்ததில்ல. நானாப் பாத்து வெப்பேன். மிசினுக்கு மட்டும் சொல்றாரு பாரு!” அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரி கண்ணு, அது சொல்றாப்பலயே குடு.”

அன்று ரயிலில் ஒரு பொட்டலம் மல்லாட்டை வாங்கி, தோடு உடைத்துக் கொறித்துக்கொண்டு வந்தேன். கவலை எட்டிப் பார்த்தது. ஆனால் அளவு அவர் மூச்சிலிருந்து வந்தது என்று தெரிந்ததால் வீடுவரை கூடவே வரவில்லை.

சில நாளில் அவர் தானாகவே மூச்சுவிட்டார். உணவைக் குறைத்ததாலா, மருந்தாலா என்று என்னால் சொல்ல முடியாது, டாக்டரும் சொல்லவில்லை. விழுங்குகிறாரா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் மூக்குக் குழாயையும் எடுத்தார்கள். அவர் மனைவி கஞ்சி ஊட்டினார். நாலைந்து ஸ்பூன் போனதும் நிறுத்திவிட்டு, போதுமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

கரகரத்த குரலில் கணவரே சொன்னார்: “இன்னும் வையி.”