பக்கத்து நாற்காலி

கள்ளக்குறிச்சி பேண்டு செட்டில் நானும் சேகரும் கிளாரினெட் வாசித்தோம். ஒருவன் மூச்சு எடுக்கும்போது மற்றவன் விடாமல் ஊதுவான். சத்தம் அறுந்ததே இல்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். மெட்ராஸில் ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆள் எடுத்தார்கள். நான் கிளம்பும்போது சேகர் வந்தான்.

"எங்கடா கெளம்பிக்கினு இருக்கிற? ரோடு பூரா மரத்த வெட்டிப் போட்டுக்கீறாங்க. ரயிலும் இல்ல. செலக்சனத் தள்ளி வெச்சுட்டாங்க."

நம்பினேன். அவன் சைக்கிளில் சின்னசேலம் போய் ரயில் ஏறினான். வேலை அவனுக்குக் கிடைத்தது.

அடுத்த வருடம் எனக்கும் கிடைத்தது. அவன் பக்கத்து நாற்காலி. முதல் ஒத்திகையில் அவன் மூச்சு எடுத்தான். பழக்கத்தில் நான் விடாமல் ஊதினேன். பிறகு நான் எடுத்தேன். சத்தம் அறுந்தது. அவனும் நிறுத்தியிருந்தான்.

மாஸ்டர் என்னை முறைத்தார்.

"புது ஆளு சார். எங்க ஊருதான், பழகிடுவான்" என்றான் சேகர்.

ஓய்வு பெறும்வரை அவன் பக்கத்திலேயே வாசித்தேன். அவனை நம்பி மூச்சு எடுத்ததில்லை.