தெப்பக்குளத்து மாமா

ஏத்தா, அங்கன நின்னு ஏன் எட்டி எட்டிப் பாக்குற? இப்படி வந்து படியில உக்காரு, இங்கேருந்தே எல்லாம் தெரியுது. முப்பத்தொரு தட்டு போயிருச்சு, இன்னமும் ஆட்டோவுல இருந்து எறக்குறாக. கே.கே. நகர்ல வந்து குடியிருந்தாலும் தாய்மாமன் சீருன்னா மேளம் வேணும்ல. அந்த மாமன்காரன் மூஞ்சியப் பாரு, சடங்கான புள்ளைய விட அவன்தான் வெக்கப்படுறான்!

எங்க வீட்டுக்கு வந்த சீரு அஞ்சே தட்டு. சிரிக்காத. அந்த அஞ்சு தட்டுக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கொழாயில தண்ணி வார வரைக்கும் சும்மாதான இருக்கோம், கேளு.

எழுபத்தேழோ எழுபத்தெட்டோ. எனக்கு எழுத்துப் படிப்பு கெடையாது, வருசத்தையெல்லாம் புள்ளைங்க வயச வச்சுத்தான் சொல்லுவேன். நாகமலை புதுக்கோட்டைக்கு அங்கிட்டு, பொட்டக்காட்டுல, தாய் தகப்பன் இல்லாத புள்ளைங்களுக்குன்னு ஒரு கிராமமே கட்டியிருந்தாக. விடுதி மாதிரி நீளக் கட்டடம்னு நெனைக்காத. தனித்தனி ஓட்டு வீடு. வீட்டுக்கு ஒரு அம்மா, ஒரு அடுப்பு, ஒம்பது புள்ளைங்க. நான் மூணாம் வீட்டு அம்மா. புருசன் போயிட்டாரு, வயித்துலயும் எதுவும் தங்கல. "சமைப்பியா, கோவம் வருமா"ன்னு ரெண்டே கேள்விதான் கேட்டாக. கோவமே வராதுன்னேன். அது மொதப் பொய்யி.

ரெண்டாவது பொய்யிதான் என்னைய ஆட்டி வச்சிருச்சு.

அங்க ஒரு சட்டம். மாசத்துல ஒரு நாளு அம்மாமாரு கட்டாயம் லீவுல போகணும். சித்தின்னு ஒருத்தி வந்து புள்ளைங்களைப் பாத்துக்குவா. மத்த அம்மாமாரெல்லாம் சொந்தக்காரக வீட்டுக்குப் போயிருவாக. நான் எங்க போக? கூடப்பொறந்த அண்ணன் ஒருத்தன்தான். அவன், "சாதி சனம் தெரியாத புள்ளைகளுக்குக் கால் கழுவி விடப் போறியா? போனா இந்த வாசப்படி மிதிக்காத"ன்னு சொல்லிட்டான்.

மொத லீவு அன்னிக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியாம, வந்த பஸ்ஸுல ஏறி, எல்லாரும் எறங்குற எடத்துல எறங்குனேன். வண்டியூர் தெப்பக்குளம். குளத்துல பொட்டுத் தண்ணி இல்ல, உள்ள பயலுக பந்து வெளையாடிக்கிட்டு இருந்தானுக. கல்லுப் படியில உக்காந்தேன். நெழலு நகர நகர நானும் நகந்து நகந்து, சாயங்காலம் வரைக்கும். ஒருத்தர் பேச்சுக் குடுக்கல. ஒம்பது பேரு அம்மா அம்மான்னு காதக் கடிச்சுத் தின்ன வீட்டுல இருந்து வந்தேனா, அன்னிக்கு என் காதுல ஒரு சத்தமும் இல்ல. எனக்கு அழுகை வரல, பயமா இருந்துச்சு.

எதுத்தாப்புல ஒரு சேவுக் கடை. "அண்ணே, ஒரு பொட்டலம்"னு வாங்கி மடியில கட்டிக்கிட்டுத் திரும்புனேன். வாசல்லயே புள்ளைங்க மறிச்சுருச்சு.

"எங்கம்மா போன?"

"எங்கண்ணன் வீட்டுக்கு."

"அப்ப எங்களுக்கு மாமாவா? மாமா என்ன குடுத்து விட்டாரு?"

நான் என்ன செய்வேன்? மடியில இருந்த சேவ எடுத்துக் குடுத்துட்டேன்.

அம்புட்டுத்தான். அதுல இருந்து மாசாமாசம் அதே படி, அதே கடை, "அண்ணே, ஒம்பது பொட்டலம்." மாமா நல்லாருக்காரா, மாமா வீட்டுல மாடு கன்னு போட்டுச்சான்னு கேள்வி வரும். நானும் கன்னுக்குட்டிக்கு நெத்தியில வெள்ளைச் சுட்டின்னு அளந்து விடுவேன். அஞ்சாறு வருசம் ஓடிருச்சு.

அப்புறம் எங்க மூத்தவ ஆளானா. மூலையில பாயைத் தடுப்பாக் கட்டி உக்கார வச்சேன். ஒம்பதாம் நாளு தண்ணி ஊத்தணும். பாய்க்குப் பின்னால இருந்து மெதுவாக் கேக்குறா, "அம்மா, மாமா ஓலை கொண்டாந்து குச்சுக் குடிசை கட்டுவாருல்ல?"

ஆறு வயசுல, பேசவே பேசாத புள்ளையா வந்தவத்தா அவ. மாமன் பொய்யின்னு தெரிஞ்சா, இந்த அம்மாவும் பொய்யின்னு ஆயிராதா?

மறுநா ரெண்டு பஸ் மாறி அண்ணன் வீட்டுக்குப் போயி நின்னேன். மதினி செம்புல தண்ணி கொண்டாந்து வாசல்லயே குடுத்துச்சு. "அவுக ஊர்ல இல்ல"ன்னுச்சு. அவன் செருப்பு என் காலுகிட்டதான் கெடந்துச்சு. அந்தத் தண்ணியக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

நேரா வீட்டுக்குப் போகவும் மனசு இல்ல. கால் தானா தெப்பக்குளத்துக்கு இழுத்துருச்சு. சேவுக்கடைக்காரரு எண்ணெயில புழிஞ்சுக்கிட்டே, "என்ன தாயி, இன்னிக்குத் தேதியில்லையே? மொகம் ஏன் செத்துக் கெடக்கு?"ன்னாரு. யாராச்சும் கேட்டாப் போதும்னு இருந்தவ, பொய்யி, பொட்டலம், கன்னுக்குட்டி, ஒம்பதாம் நாளுச் சடங்கு வரைக்கும் கொட்டிட்டேன். கரண்டியால சேவத் திருப்பிப் போட்டாரு. "எந்த வீடுன்ன?"

"மூணாம் வீடு."

"ம்"னாரு. அம்புட்டுதான். பாரு, இவருகிட்டப் போயி ஒப்பாரி வச்சோமேன்னு எனக்கே அசிங்கமாப் போச்சு.

ஒம்பதாம் நாளு. மஞ்சத்தண்ணி கலந்தாச்சு. அண்டை வீட்டு அம்மாமாரெல்லாம் வந்துட்டாக. புட்டு அவிச்சு ஆறிப் போச்சு. மூத்தவ கண்ணு வாசலை விட்டு நகரல. இனிமே ஏமாத்தக் கூடாது, சொல்லிருவோம்னு அவ முன்னால போயி உக்காந்தேன். "ஆத்தா, அந்த மாமாங்கிறது..."ன்னு வாயத் தொறக்குறேன், வெளிய சைக்கிள் மணி.

எட்டிப் பாத்தா, சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் பச்சைத் தென்ன ஓலை தரையில இழுபட, நடுவுல சேவுக்கடைக்காரரு. பின்னால அவரு சம்சாரமும் ரெண்டு சொந்தக்காரப் பொம்பளைகளும் தலையிலயும் கையிலயுமா அஞ்சு தட்டோட வாராக. ஊருக்கே கேக்குற மாதிரி கத்துறாரு, "ஏ தங்கச்சி! மூணாம் வீடுன்னு சொன்ன, எல்லா வீடும் ஒண்ணு போலல்ல இருக்கு! மருமக எங்க?"

எங்க கடைக்குட்டி ஓடிப்போயி அவரு வேட்டியப் புடிச்சு மோந்து பாத்துச்சு. "இது மாமாதான்! பொட்டல வாசம் அடிக்குது!"

அதுக்கு மேல சாட்சி வேணுமா? மூத்தவ அழுதா, நான் அழுதேன், சம்பந்தமே இல்லாத நாலாம் வீட்டு அம்மாவும் அழுதுச்சு.

ஓலையக் கட்டிக்கிட்டு இருக்கையில எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு, "வருசக்கணக்கா வாய் நெறைய அண்ணேன்னு கூப்புட்டுட்டு, சீருக்கு மட்டும் வேற எவன் வாசல்லயோ போயி நின்னியாக்கும்?"

அதுக்குப் பெறகு லீவு நாள்ல கல்லுப் படியில உக்கார விட்டதே இல்ல. கடை பெஞ்சுதான், அண்ணி கையால சாப்பாடுதான். அவரும் போயிச் சேந்து ரொம்ப வருசம் ஆச்சு. புள்ளைங்க ஒம்பதும் ஒம்பது தெசையில. போன் பண்ணுதுக, பேசுதுக. வச்ச பெறகு வீடு அந்தக் குளம் மாதிரி ஆயிருதுத்தா, அது உண்மை. ஆனா இப்பயும் ரோட்டுல எவனாவது "ஆச்சி"ன்னு கூப்புட்டு வழி கேட்டாக்கூட, சும்மா கூப்புட்டான்னு மட்டும் நெனைக்க மாட்டேன்.

அய்ய, கொழாயில காத்துச் சத்தம் கேக்குது பாரு! தண்ணி வந்துருச்சு. அந்தப் பச்சைக் கொடத்த இங்கிட்டு எடு, நீ மொதல்ல புடி... இரு இரு, வாரேன்.