மந்திரித்த மதர்போர்டு

போன வாரம் என் மடிக்கணினி மூச்சை நிறுத்திக்கொண்டது. வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் நோண்டிவிட்டு, "போர்டு போச்சு சார்" என்றார். சரி, போர்டை மட்டும் மாற்றிவிடுங்கள், பிராசசர் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிராசசர் போர்டோடவே ஒட்டிக்கினு வருது சார். தனியால்லாம் கிடையாது" என்று சொல்லிவிட்டு, ஆறுதலாக ஒரு புதுப் போர்டை வெள்ளி நிறப் பையிலிருந்து உருவிக் காட்டினார். பை திறந்ததும் ஒரு வாசனை வந்தது. செருப்புக் கடைக்குள் நுழைந்தால் வருமே, கிட்டத்தட்ட அந்த வாசனை. கடைக்காரர் விலை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதற்குள் மனசுக்குள் அம்பத்தூரை ஒட்டிய கள்ளிக்குப்பம் போய்ச் சேர்ந்துவிட்டேன். இன்றைய கள்ளிக்குப்பம் இல்லை, தொண்ணூறுகளின் பின்பாதியில் இருந்த கள்ளிக்குப்பம்.

ரீட்டா அக்காவின் கம்ப்யூட்டர் சென்டர் அங்கேதான் இருந்தது. சென்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வீட்டின் முன் அறை. பிள்ளைகள் படிக்க ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர், டிடிபி வேலைக்கு இன்னொன்று, ஒரு பிரின்டர். சுவரில் திருஇருதய ஆண்டவர் இயேசுவின் படம், அதன் கீழே சிவப்பு சீரோ வாட் பல்பு. நான் பி.காம். முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலையில் பாடம் நடத்துவேன், மதியத்துக்கு மேல் கல்யாணப் பத்திரிகையும் கேள்வித்தாளும் அடிப்பேன். "கம்ப்யூட்டர் என்பது ஒரு மின்னணுச் சாதனம்" என்று பலகையில் எழுதிப்போட்டு முழங்கிய நான், அதுவரை ஒரு கம்ப்யூட்டரின் மூடியைக்கூடத் திறந்து பார்த்தவன் இல்லை. யாராவது கேட்டால் "நான் சாஃப்ட்வேர் ஆளு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

அந்தக் காலத்துப் பெட்டிகளின் முகப்பில் பச்சையாக ஒரு எண் எரியும், ஞாபகம் இருக்கிறதா? எங்கள் டிடிபி பெட்டியில் 66. அதுதான் வேகம் என்று ஊரே நம்பியது. உண்மையில் அந்த எண்ணுக்கும் உள்ளே ஓடும் பிராசசருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பின்பக்கத்துக் குட்டி ஊசிகளில் இருக்கும் செருகிகளை இடம் மாற்றினால் எந்த எண்ணை வேண்டுமானாலும் எரியவிடலாம். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சென்டரில் 99 எரியவிட்டிருந்தார்கள். பிள்ளைகளைச் சேர்க்க வரும் அம்மாக்கள் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எண்ணைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். "அங்க தொண்ணூத்தொம்போது கீதாமே, இங்க இன்னா அறுபத்தாறுதான் எரியுது?" என்று ஒரு அம்மா கேட்டபோது எனக்கு மானமே போய்விட்டது. நம்முடையதையும் ஏற்றிவிடலாம் என்று அக்காவிடம் யோசனை சொன்னேன். "படிக்க வர்ற புள்ளைங்களுக்கு மொதல் பாடமே பொய்யா?" என்றார். நான் பிரின்டரில் காகிதம் வைக்கப் போய்விட்டேன்.

ஆனால் எண் பொய்யோ நிஜமோ, பெட்டி மந்தம் என்பது நிஜம். அது 486 என்ற பழைய ரகப் பிராசசர் உள்ள பெட்டி. தமிழ் எழுத்துருவில் ஒரு பக்கம் அடித்துவிட்டுக் கீழே இறக்கினால், வரிகள் ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து வந்து உட்காரும். அந்த வருடம் அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாள் வேலை மொத்தமாக வருவதாக இருந்தது. கொடுத்தது திருமுல்லைவாயில் அச்சகக்காரர். கூடவே, "இந்தத் தடவையும் லேட்டாச்சுன்னா ஆவடியில வேற ஆள் பாத்துக்கறேம்மா" என்றும் சொல்லிவிட்டுப் போனார். அக்காவின் கணவர் வேலை பார்த்த அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனி கதவடைத்துப் பல மாதம் ஆகியிருந்தது. அந்த முன் அறையில் ஓடும் வேலையில்தான் பின் அறையில் அடுப்பு எரிந்தது. கேள்வித்தாள் வேலை கைவிட்டுப் போனால் சென்டரே போய்விடும். அக்கா மாதாமாதம் கட்டிவந்த சீட்டை எடுத்தார். புதுக் கம்ப்யூட்டர் வாங்க அது போதாது. உள்ளே இருக்கும் பிராசசரையும் போர்டையும் மட்டும் மாற்றலாம், அவ்வளவுதான்.

பூந்தமல்லியில் என் சிநேகிதன் யூசுப் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவின் மிக்சி ரிப்பேர் கடையில் பாதியை வளைத்துப்போட்டு நடத்திய தொழில். வேண்டிய சாமானை ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வருவான். அக்காவும் நானும் போனோம். அக்காவின் மாமியார் அருளம்மாவும் கூட வந்தார். அவரைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு குண்டான்கூட வாங்கியதில்லை.

யூசுப் மேசைமேல் இரண்டு அட்டைப்பெட்டிகளை வைத்தான். முதலாவதில் நல்ல வேகமான பிராசசர், ஆனால் அதோடு வருகிற போர்டு மலிவு. எல்லாம் உள்ளேயே அடக்கம், பிறகு எதையும் மாற்ற முடியாது. எங்களிடம் இருந்த பழைய மெமரி அதில் ஏறாது, புதிது வாங்க வேண்டும். இரண்டாவதில் சுமாரான பிராசசர், ஆனால் போர்டு உசத்தி. பழைய மெமரிக்கும் இடம் உண்டு, புதிதுக்கும் உண்டு. நாளைக்கு இன்னும் வேகமான பிராசசர் வந்தால் இதைக் கழற்றிவிட்டு அதை மாட்டலாம்.

"மொதல் பெட்டிதான்க்கா. சும்மா பறக்கும்" என்றேன் நான். எதையும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. பெட்டிமேல் போட்டிருந்த எண் பெரிதாக இருந்தது. எண்ணை எட்டிப் பார்த்த அம்மாக்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

யூசுப்பும் தலையாட்டினான். "மாமே சொல்றது கரீட்டுதான்க்கா. அல்லாரும் அதத்தான் வாங்கிக்கினு போறாங்கோ."

அக்கா இரண்டு போர்டுகளையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முறத்தில் அரிசி பார்ப்பது போன்ற நிதானம். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்பா, உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்தா பையனை மட்டும் பாத்துட்டு வந்துருவியா? ஊட்டையும் பாக்க மாட்டே?" என்றார். அருளம்மா இதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிராசசர் இன்னிக்கு மெதுவா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். நம்மால ஒவ்வொண்ணாதான் மாத்த முடியும். அதுக்கு வழி விடற போர்டைக் குடு." இரண்டாவது பெட்டி முடிவாயிற்று. பழைய போர்டைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்கிறேன் என்றான் யூசுப். "புதுசு ஓடட்டும், அப்புறம் தரேன்" என்றார் அக்கா. அவன் முகம் சுருங்கிப்போனது. இவ்வளவு சந்தேகம் ஆகாது என்று எனக்கும் தோன்றியது.

இப்போது அருளம்மாவின் பங்கு. அந்த வீட்டில் சைக்கிள் வாங்கினாலும் தையல் மிஷின் வாங்கினாலும் ஃபாதர் வந்து மந்திரித்த பிறகுதான் தொடுவார்கள். யூசுப் கள்ளிக்குப்பத்துக்கு வந்து போர்டைப் பூட்டி முடித்து, மூடியை எடுத்து மாட்டப் போனான். அருளம்மா தடுத்துவிட்டார்.

"மூடியைப் போடாதப்பா. மூடி பழசு, அதை அப்பவே மந்திரிச்சாச்சு. உள்ளதானே புதுசு."

யூசுப் மூடியைச் சுவரில் சாய்த்து வைத்தான். இந்த நியாயத்தில் இன்று யோசித்தாலும் பிழை சொல்ல முடியவில்லை.

ஃபாதர் வந்தார். தெருவிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். கேசரி வாசனை சாம்பிராணியோடு கலந்து வந்தது. ஜெபம் முடிந்ததும் ஃபாதர் தீர்த்தத்தை அளவாகத்தான் தெளித்தார். "உள்ள நல்லா விழட்டும் சாமி" என்றார் அருளம்மா. நல்ல மனிதர், ஒரு வயதான அம்மா கேட்கிறாரே என்று மறுபடியும் தெளித்தார். புதுப் போர்டின்மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. யூசுப் என் கையைக் கிள்ளினான். அந்த ஈரத்தோடு கரண்ட் பாய்ந்தால் போர்டு புகைந்துவிடும். ஃபாதரிடம் போய், அதுவும் தீர்த்தத்தைப் பற்றி, யார் என்ன சொல்வது?

அடுத்தது வழக்கம்போல, ஃபாதர் கையாலேயே சுவிட்சைப் போடுவது. யாரோ பிளக்கைக்கூட மாட்டிவிட்டார்கள். எல்லோரும் கைதட்டத் தயாராக நின்றார்கள். ஃபாதரின் விரல் சுவிட்சுக்குப் போனது. ரீட்டா அக்கா இரண்டு எட்டில் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வேணாம் ஃபாதர். இன்னிக்கு வேணாம்."

கோயிலில் ஃபாதர் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று தோத்திரம் சொல்கிற பெண் அக்கா. "அடிப்பாவி, சாமியார் கையவா புடிக்கிற?" என்று அருளம்மா நெஞ்சில் கை வைத்தார். அக்காவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் பிடியை விடவில்லை. நான் அக்காவின் இடத்தில் இருந்திருந்தால், போர்டு போனாலும் போகட்டும் என்று கைதட்டியிருப்பேன்.

ஃபாதர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். நிமிர்ந்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நான்தான் கொஞ்சம் தாராளமா தெளிச்சிட்டேன்" என்றார். "காயட்டும்மா. நீ எப்போ கூப்புடறியோ அப்போ வந்து போடறேன்." அருளம்மா அழுதுகொண்டே எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்.

கூட்டம் போனதும் யூசுப், "லேசா தொட்ச்சிட்டு ஒரு தபா போட்டுப் பாத்துரலாமாக்கா?" என்றான். எனக்கும் அதே ஆசை. "ரெண்டு பேரும் அதும்மேல கைய வெச்சீங்க, தொலைச்சுருவேன்" என்றார் அக்கா. பிளக்கைப் பிடுங்கச் சொன்னார், புதுப் போர்டைக் கழற்றச் சொன்னார், அதை மர அலமாரி மேல் துணி விரித்துக் காயப் போட்டார். பிறகு, கொடுக்காமல் வைத்திருந்த பழைய போர்டை எடுத்து யூசுப்பிடம் நீட்டி, திரும்பப் பூட்டச் சொன்னார். பழைய மெமரிதான் இரண்டிலும் ஏறுமே, அதுவும் திரும்ப வந்து உட்கார்ந்தது. அந்த மந்தப் பெட்டியிலேயே, வரிகள் யோசித்து யோசித்து வருவதைப் பார்த்துக்கொண்டு, கேள்வித்தாள் அடிக்க உட்கார்ந்தார். நான் கடையில் சந்தேகம் என்று நினைத்தது சந்தேகமே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழுந்தால் எழுந்திருக்க ஒரு இடம் விட்டுவைத்துவிட்டுத்தான் அக்கா எதிலும் இறங்கியிருக்கிறார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை ஒரு பிடி குறையவில்லை.

போர்டு நன்றாகக் காய்ந்த பிறகு ஃபாதர் மொபெட்டில் வந்து இறங்கினார். இந்தத் தடவை மூடி போட்டிருந்தது. சுவிட்சைப் போட்டார். எங்கள் எல்லோர் மூச்சும் நின்றிருந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரே ஒரு "பீப்". எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் வருகிற சத்தம் அது. அருளம்மா சிலுவை போட்டுக்கொண்டார். யூசுப் "யப்பா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான். கேள்வித்தாள்கள் சொன்ன நாளில் திருமுல்லைவாயில் போய்ச் சேர்ந்தன. அச்சகக்காரர் அதற்குப் பிறகு ஆவடிப் பேச்சை எடுக்கவே இல்லை.

அக்கா கணக்குப் போட்டபடியேதான் எல்லாம் நடந்தது. முதலில் மெமரி கூடியது. அப்புறம் அதே போர்டில் வேகமான பிராசசர் வந்து உட்கார்ந்தது. முதல் பெட்டியை வாங்கியவர்கள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியபோதும் எங்கள் போர்டு அசையவில்லை. நான்தான் கிண்டியில் ஒரு வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டேன்.

பிறகு பள்ளிக்கூடங்கள் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டன, கேள்வித்தாளை அங்கேயே அடித்துக்கொண்டன. அச்சகம் இருந்த இடத்தில் மருந்துக்கடை வந்தது. எண்ணைப் பார்த்துச் சேர்க்க வந்த அம்மாக்களின் பிள்ளைகள் அவரவர் வீட்டிலேயே கற்றுக்கொண்டார்கள். சென்டரை மூடப்போவதாகக் கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அருளம்மா அப்போது உயிரோடு இல்லை. அறையில் மேசையையும் அதன்மேல் இருந்த அந்தப் பெட்டியையும் தவிர மற்றதெல்லாம் காலியாகியிருந்தது. அக்கா எனக்காகப் பெட்டியைப் போட்டுக் காட்டினார். "பீப்" என்றது. திரை பளிச்சென்று வந்தது. நான் ஒரு பழைய கேள்வித்தாளைத் திறந்து கீழே இறக்கினேன். வரிகள் நிற்காமல் ஓடின.

"நல்லாத்தாம்பா ஓடுது" என்றார் அக்கா. "அடிக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல."